முதல் நாற்பது சுற்றுகள்

‘சிவிலைசேஷன்’ என்னும் கணினி விளையாட்டு கி.மு. 4000ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஆடுபவருக்கு அப்போது கிடைப்பவை இரண்டே. ஒன்று, நகரம் அமைக்கவல்ல குடியேற்றக் குழு. மற்றொன்று, அதற்குத் துணையாக ஒரு போர்வீரர் அல்லது சாரணர். சுற்றிலும் சில கட்டங்கள் மட்டுமே கண்ணுக்குப் புலப்படும். அதற்கு அப்பால் திரை முழுவதும் கருமை. அந்தக் கருமைக்குள் எங்கோ ஆறுகளும் விளைநிலங்களும் கனிமங்களும் உள்ளன. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டமாயின், நம்மைப் போலவே கணக்குப் போடும் வேறு சில மனிதர்களும் அதற்குள் உள்ளனர்.

வங்கியின் இதழில் கணினி விளையாட்டுக்கு என்ன இடம் என்று வாடிக்கையாளர்கள் வினவலாம். வினா முறையானதே. ஆயினும் இவ்விளையாட்டின் தொடக்கச் சுற்றுகளில் வாள்வீச்சும் துப்பாக்கி ஒலியும் இல்லை. விரல்களின் வேகத்துக்கும் அங்கே வேலையில்லை. வரவு, செலவு, காலம், தகவல் என்னும் நான்கே அங்கு ஆளுகின்றன. பிள்ளைகள் இதில் பொழுதைக் கழிப்பதாகக் கவலைப்படும் பெற்றோர் ஒருநாள் அருகில் அமர்ந்து பார்த்தால், மகனோ மகளோ ஒரு தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பதைக் காணக்கூடும். வணிகவியல் பயின்று, இருபது ஆண்டுகளாகக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்து வரும் நமக்கு அந்தக் காட்சி சற்றும் அந்நியமாகத் தோன்றவில்லை.

சிட் மையர், புரூஸ் ஷெல்லி ஆகிய இருவரின் வடிவமைப்பில் ‘மைக்ரோபுரோஸ்’ நிறுவனம் இதனை 1991இல் வெளியிட்டது. அன்று முதல் பல பதிப்புகள் வந்துள்ளன. நாம் இங்கே பேசப்போவது 2005இல் சோரன் ஜான்சன் தலைமையில் ‘ஃபிராக்ஸிஸ்’ உருவாக்கிய நான்காம் பதிப்பைப் பற்றி. பல ஆண்டுகள் கடந்த பழைய பதிப்பாயினும், சாதாரண மடிக்கணினியில் இயங்குவதாலும், பலர் கூடி ஆடுவதைத் தொடக்கம் முதலே கருத்தில் கொண்டு அமைக்கப்பட்டதாலும், அதற்கு இன்றும் பற்றாளர்கள் உண்டு. இவ்வகை விளையாட்டுகளின் இயல்பை ஆராய்தல், விரிதல், பயன்கொள்ளல், அழித்தல் என்று நான்காகப் பகுப்பது வழக்கம். 1993இல் ஆலன் எம்ரிச் என்னும் எழுத்தாளர் வகுத்த பகுப்பு அது. நான்காவதைப் பற்றி நாம் அதிகம் பேசப்போவதில்லை. முதலிரண்டும் சரியாக நிகழ்ந்தால், பெரும்பாலும் நான்காவதற்கு அவசியம் நேர்வதில்லை.

நாங்கள் ஐவர். ஒரே ஆண்டில் வங்கிப் பணியில் சேர்ந்து, ஒரே பயிற்சி மையத்தில் பயின்றவர்கள். இடமாற்ற ஆணைகள் எங்களை நாக்பூர், குவாஹாத்தி, புணே, லக்னோ, கொச்சி என்று நாட்டின் திசைக்கொருவராகச் சிதறடித்துவிட்டன. ஐவரும் ஒரே வேளையில் ஓய்வாக இருப்பது நடவாத காரியம். இந்த இடர்ப்பாட்டுக்கு நான்காம் பதிப்பில் ‘பிட்பாஸ்’ என்னும் வசதி உள்ளது. ஒரு கணினி இடைவிடாது ஆட்டத்தைத் தாங்கி நிற்கும்; ஆடுபவர் தமக்கு இயன்ற நேரத்தில் உள்ளே நுழைந்து, தம் சுற்றை முடித்துவிட்டு வெளியேறலாம். அனைவரும் முடித்ததும், அல்லது குறித்த கெடு கடந்ததும், அடுத்த சுற்று பிறக்கும். எங்கள் கெடு 24 மணி நேரம். ஆகவே நாளொன்றுக்கு ஒரு சுற்று. இரவு உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் போதும். ஆட்டத்தின் நாட்காட்டியில் அந்த ஒரு சுற்றுக்குள் 40 ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

ஒவ்வொருவரும் ஒரு நாட்டைத் தேர்ந்தோம். நாம் இந்தியாவை ஏற்றோம், அசோகர் தலைமை. இப்பதிப்பில் இந்தியாவுக்கு அசோகர், காந்தியடிகள் என இரு தலைவர்கள் உண்டு. இத்தொடரின் முதல் பதிப்பில் ஒரு கணக்கீட்டுப் பிழையால் காந்தியடிகள் அணுகுண்டு வீசத் தொடங்கினார் என்றொரு கதை உலகெங்கும் பரவியுள்ளது. அப்படியொரு பிழை இருந்ததே இல்லை என்று சிட் மையர் 2020இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பில் மறுத்துவிட்டார். குவாஹாத்தி நண்பர் பாரசீகத்தைத் தேர்ந்தார். அத்தேர்வின் பொருள் முதல் நாளில் எவருக்கும் உறைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து நமக்கு நன்றாகவே உறைத்தது.

முதல் சுற்று: ஓர் அடி நகர்வதா?

தொடங்கிய இடத்திலேயே உடனே நகரம் அமைக்கலாம். ஒரு சுற்றும் வீணாகாது. அல்லது சற்று நகர்ந்து, இன்னும் நல்ல இடம் பார்க்கலாம்; ஒவ்வொரு நகர்வுக்கும் காலம் விலையாகும். புதிதாக ஆடுவோர் பலர் இந்த இரண்டில் ஒன்றைக் குணமாகவே கொண்டுவிடுகின்றனர். சிலர் கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்தில் அமர்கின்றனர். சிலர் நல்ல இடம் தேடி ஐந்து சுற்றுகள் அலைகின்றனர். இரண்டும் கணக்கன்று.

எங்கள் தொடக்க நிலம் இது: ஆற்றங்கரைப் புல்வெளி, வடக்கே கைக்கெட்டும் தொலைவில் மக்காச்சோளம் விளையும் கட்டம், மேற்கே ஒட்டினாற்போல் ஒரு சமவெளிக் குன்று. நகரம் எங்கு அமைந்தாலும் அதன் நடுக்கட்டம் 2 உணவு அலகும் 1 உற்பத்தி அலகும் தரும். சமவெளிக் குன்றின் மீது அமைந்தால் உற்பத்தி 2 ஆகும். ஓர் அலகுதான் வேறுபாடு. அதனால் என்ன என்று தோன்றும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். முதலில் உருவாக்க வேண்டியது நிலத்தைத் திருத்தும் பணியாளரை. அவருக்கு 60 அலகு தேவை. பணியாளரும் குடியேற்றக் குழுவும் உருவாகும்போது நகரம் வளராது. மிஞ்சும் உணவும் உற்பத்தியோடு சேர்ந்து அவர்களுக்கே செலவாகும். நடுக்கட்டத்தின் 2 உணவு, திருத்தப்படாத சோளக் கட்டத்தின் 3 உணவு, ஆகமொத்தம் 5. நகர மக்கள்தொகை ஒன்றுக்கு 2 உணவு போக மீதி 3. புல்வெளியில் அமர்ந்தால் இதனுடன் உற்பத்தி 1 சேர்ந்து சுற்றுக்கு 4. பணியாளர் வர 15 சுற்றுகள். குன்றில் அமர்ந்தால் சுற்றுக்கு 5. அதாவது 12 சுற்றுகள். குன்றில் ஏறுவதற்கு ஒரு சுற்று செலவு. அதனால் மிச்சம் மூன்று சுற்று. நிகர ஆதாயம் இரண்டு. அதன் பின்னும் ஆட்டம் முடியும் வரை அந்த ஓர் அலகு ஒவ்வொரு சுற்றிலும் வந்துகொண்டே இருக்கும். ஆற்றின் அக்கரையில் இதைவிடச் செழிப்பான இடம் ஒன்று இருந்திருக்கலாம். அதைக் காண மூன்று சுற்றுகள் நடக்க வேண்டும், கிடைப்பது உறுதியுமன்று. எனவே குன்றோடு நின்றோம்.

இங்கே ஒரு சிறு ஒழுங்கு உண்டு. குடியேற்றக் குழுவை அசைக்கும் முன்னர்ப் போர்வீரரை அசைக்க வேண்டும். அவர் ஏறி நின்ற மேட்டிலிருந்து தெரியும் இரண்டு மூன்று கட்டங்களே முடிவை மாற்றக்கூடும். அதற்குச் செலவும் இல்லை. நிலம் வாங்க முன்பணம் கொடுத்த பிறகு வில்லங்கச் சான்று கேட்டு வருவோரை நாம் கிளையில் பார்த்ததுண்டு. வரிசை மாறினால் அதே தகவல் பயனற்றதாகிவிடுகிறது.

கருமைக்குள் நடப்பது

போர்வீரர் சுற்றுக்கு ஒரு கட்டமே நடப்பார். சாரணருக்கு இரண்டு. ‘வேட்டை’ என்னும் அறிவோடு தொடங்கும் நாடுகளுக்கே சாரணர் கிடைப்பார், பாரசீகம் அவ்வகை. இந்தியா சுரங்கமும் இறையுணர்வும் அறிந்து தொடங்குவதால் நமக்கு வாய்த்தவர் போர்வீரரே. மெதுவாக நடப்பவரை வீணாக நடக்கவிடக் கூடாது.

அவர் தம்மைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களைக் காண்பார். நேராக ஓர் அடி வைத்தால் புதிதாகத் தெரிபவை மூன்று கட்டங்கள். மூலைவாக்கில் வைத்தால் ஐந்து. குன்றின் மேல் நின்றால் பார்வை இன்னும் ஒரு வளையம் நீளும். ஆகையால் மூலைவாக்கில் நடந்து, குன்றுதோறும் ஏறிச் செல்வது சிக்கனம். இரவில் விலங்குகள் தாக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓநாய், சிங்கம், சிறுத்தை, கரடி என நான்கும் கருமைக்குள் திரிகின்றன. காடு 50 விழுக்காடும் குன்று 25 விழுக்காடும் தற்காப்பைக் கூட்டும். எனவே ஒவ்வொரு சுற்றும் காடடர்ந்த குன்றிலோ, குறைந்தது காட்டிலோ முடியுமாறு வழி வகுத்தோம். நம் போர்வீரரைச் சிங்கம் ஒன்று மறித்தது. காட்டுக்குன்றில் நின்றதால் அவர் பிழைத்தார். வெட்டவெளியில் நின்றிருந்தால் நம் ஆராய்ச்சி பத்தாம் சுற்றோடு முடிந்திருக்கும்.

எங்கே செல்வது என்பது அதனினும் பெரிய கேள்வி. தொலைவில் என்ன உள்ளது என்னும் ஆவல் மனித இயல்பு; முதல் போர்வீரரை நேர்கோட்டில் அனுப்பிவிடுவோர் மிகப் பலர். அவருக்கு முப்பதாம் சுற்றில் கடற்கரை தெரியும். தம் தலைநகரிலிருந்து ஐந்தாவது கட்டத்தில் உள்ள கோதுமை தெரியாது. நாம் வேறு முறையைக் கைக்கொண்டோம். அடுத்து எடுக்க வேண்டிய செலவு முடிவு எதுவோ, அதற்கு விடை தரும் திசையே ஆராய வேண்டிய திசை. அடுத்த பெரும் செலவு இரண்டாம் நகரம். அது தலைநகரிலிருந்து நான்கு முதல் ஆறு கட்டத் தொலைவில்தான் அமையும். எனவே முதல் பதினைந்து சுற்றுகள் தலைநகரைச் சுற்றிய ஒரு வளையத்தை மட்டுமே நடந்தோம். தென்மேற்கே, நான்கு கட்டம் தள்ளி, ஆற்றோரம் கோதுமையும் அகன்ற புல்வெளியும் கண்டோம். வடகிழக்கே குன்றுகள் நிறைந்த வறண்ட நிலம். சற்று எட்டத்தில் செம்மறி மேயும் பள்ளத்தாக்கு.

18ஆம் சுற்றில், அந்த வடகிழக்கிலிருந்து பாரசீகச் சாரணர் ஒருவர் இறங்கி வந்தார். முதல் அயலாரைச் சந்தித்த நாள் அது. நண்பர் மின்னஞ்சலில் வணக்கம் தெரிவித்தார். குழந்தைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். தம் தலைநகர் எங்குள்ளது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. வந்த திசை தெரிந்துவிட்டதே. வளையத்தை முடித்த நம் போர்வீரர் அத்திசையில் நடக்கத் தொடங்கினார்.

திருத்திய நிலமும் திருத்தாத நிலமும்

இதற்கிடையில் தலைநகரில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் பின்னர் நேர்ந்த நெருக்கடியில் நம்மைக் காத்தது அந்தக் கணக்குத்தான்.

பணியாளர் 13ஆம் சுற்றில் வந்தார். அதற்குள் வேளாண்மை அறிவைக் கற்று முடித்திருந்தோம். பணியாளர் வந்தும் அவருக்கு வேலை தெரியாமல் நிற்பது, இயந்திரம் வந்திறங்கியும் மின் இணைப்பு இல்லாத தொழிற்சாலையைப் போன்றது. அவர் முதலில் சோளக் கட்டத்தை வயலாக்கினார். ஆற்றுநீர் பாயும் அந்த வயல் 3 உணவுக்குப் பதிலாக 6 உணவு தந்தது. அடுத்துப் புல்வெளிக் குன்றில் சுரங்கம். அது 1 உணவும் 3 உற்பத்தியும் தரும்.

இனி, குடியேற்றக் குழுவுக்கான 100 அலகை எடுத்துக்கொள்வோம். இரண்டு மக்கள்தொகை உள்ள நகரம், திருத்தப்படாத சோளத்திலும் குன்றிலும் உழைத்தால், உணவு மீதி 2, உற்பத்தி 3, ஆக 5; குழு உருவாக 20 சுற்றுகள். அதே இரு கட்டங்கள் திருத்தப்பட்டபின் உணவு மீதி 5, உற்பத்தி 5, ஆக 10. குழுவுக்கு 10 சுற்றுகள். எட்டு நூற்றாண்டில் ஆகவேண்டியது நான்கு நூற்றாண்டில் ஆகிறது! பணியாளரை ஒத்திப்போட்டு, நகரத்தை முதலில் வளரவிடுவோரும் உண்டு. மக்கள்தொகை எண்ணிக்கை விரைவில் ஏறும். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் திருத்தப்படாத நிலத்தில் உழைக்கும் மக்கள் தாம் உண்பதற்கு மேல் அதிகம் ஈட்டுவதில்லை. நடைமுறை மூலதனமின்றி ஆட்களை மட்டும் சேர்க்கும் சிறு தொழில்களின் கணக்கேடுகளில் இதே தோற்றம் தெரியும்.

அடுத்த அறிவாக வெண்கல வேலையைக் கற்றோம். அதனால் இரண்டு பயன். காட்டை வெட்டினால் ஒருமுறை மட்டும் 20 உற்பத்தி அலகு கிடைக்கும். மேலும், அதுவரை கண்ணுக்குப் புலப்படாதிருந்த செம்பு நிலப்படத்தில் தோன்றும். இவ்விளையாட்டின் நயமான ஏற்பாடு இது: நாம் நடந்து கடந்த நிலத்திலேயே நமக்குத் தெரியாத செல்வம் உள்ளது, அதைக் காணும் அறிவு வந்தபின்தான் அது தென்படும். 25ஆம் சுற்றில் செம்பு தெரிந்தது. ஒரே ஓர் இடம். வடகிழக்கே ஆறு கட்டம் தள்ளி, அந்த வறண்ட குன்றுகளுள் ஒன்றில், பாரசீகத்தை நோக்கிய திசையில்.

வெற்றுப் புல்வெளியில் ஒரு வேலி

அனுமதி உடன்படிக்கை இல்லாமல் ஒருவர் மற்றவரின் எல்லைக்குள் கால் வைக்க இயலாது. எனவே 27ஆம் சுற்றில் நம் போர்வீரர் பாரசீக எல்லைக்கு வெளியே ஒரு குன்றின் மேல் நின்றார். அங்கிருந்து இரண்டு கட்டம் உள்ளே தெரியும். தெரிந்தவை: ஒரு வயல், ஒரு சுரங்கம், ஒரு மேய்ச்சல் வேலி. வேலிக்குள் எந்த விலங்கும் இல்லை. வெறும் புல்.

இதைக் கண்டபோது நாம் அடுத்த சுற்றுக்கு விரையாமல் கணினியை மூடிவிட்டு யோசிக்கத் தொடங்கினோம். மேய்ச்சல் வேலியை வெறும் நிலத்தில் அமைக்க இவ்விளையாட்டு இடங்கொடாது. மாடு, ஆடு, பன்றி ஆகியவை எல்லோர் கண்ணுக்கும் எப்போதும் தெரிபவை. கால்நடை வளர்ப்பு அறியாதவர் கண்ணுக்குத் தெரியாத விலங்கு ஒன்றே உண்டு: குதிரை. நாம் அந்த அறிவைக் கற்றிருக்கவில்லை. ஆக, அந்த வேலிக்குள் நிற்பது குதிரை.

பாரசீகத்துக்கு ‘இம்மார்ட்டல்’ என்னும் தனிச்சிறப்பான குதிரைப் படை உண்டு. பிற நாடுகளின் தேர்ப்படைக்கு ஈடானது. ஆனால் வில்லாளிகளை எதிர்க்கும்போது 50 விழுக்காடு கூடுதல் வலிமை பெறும். செம்பும் குதிரையும் இல்லாத நாட்டுக்குத் தொடக்கக் காலத்தில் உள்ள நம்பகமான காவலே வில்லாளிகள்தாம். அவர்களுக்கென்றே அமைந்த எதிரி இது. இதை நிறுத்தவல்லது ஈட்டிப் படை. அதற்குச் செம்போ இரும்போ வேண்டும். முதல் நாளில் எவருக்கும் உறைக்காத அந்தத் தேர்வு இப்போது தன் முழுப் பொருளோடு நின்றது.

அதுவரை நம் திட்டம் தெளிவாகவே இருந்தது. இரண்டாம் நகரம் தென்மேற்கில், கோதுமைக்கு அருகில். புதிய நகரத்துக்கு முதலில் கிட்டுவது ஒட்டியுள்ள வளையம் மட்டுமே. 10 பண்பாட்டு அலகு சேர்ந்தபின்தான் 21 கட்டப் பரப்பு முழுவதும் கைவரும். கோதுமை முதல் வளையத்திலேயே இருந்தது. செம்புக் குன்றின் முதல் வளையத்தில் உணவே இல்லை. செம்மறிப் பள்ளத்தாக்கு இரண்டாம் வளையத்தில். வருவாய்க் கண்ணோடு பார்த்தால் தென்மேற்குக்கே கடன் வழங்கலாம்; வடகிழக்கின் விண்ணப்பத்தை முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பலாம்.

ஆனால் காலக் கணக்கு வேறு சொன்னது. நான்கு குதிரைப் படைகளுக்கு 30 வீதம் 120 உற்பத்தி. சுற்றுக்கு 10 என்று தாராளமாக வைத்தால் 12 சுற்றுகள். இடைத்தொலைவு ஏறத்தாழ 14 கட்டம். சுற்றுக்கு இரண்டு கட்டம் எனில் 7 சுற்றுகள். ஆகவே 46ஆம் சுற்றுக்கு முன் அவர் நம் வாயிலுக்கு வர இயலாது. அதன்பின் எந்நாளும் வரலாம். நம் குடியேற்றக் குழு 31இல் தயாராகும். தென்மேற்கில் அமர்ந்தால், அடுத்த குழு உருவாகிச் செம்பை அடைய 45ஐத் தாண்டும். ஈட்டி செய்ய நாள் இராது. செம்புக்கு முதலில் சென்றால் 36இல் நகரம். குன்று ஏறியும் காடு கடந்தும் செல்ல வேண்டிய வழியையும் சேர்த்தே இக்கணக்கு.

வடகிழக்கே சென்றோம். நகரத்தைச் செம்பின் அருகில் அமைக்காமல், செம்பு உள்ள கட்டத்தின் மீதே அமைத்தோம். அதனால் சுரங்க வருவாய் ஓரளவு இழப்பு. ஆனால் சுரங்கமும் சாலையும் இன்றியே, நிறுவிய சுற்றிலிருந்து அந்நகரத்துக்குச் செம்பு கிட்டும். ஈட்டி செய்வதற்கு வேட்டை அறிவும் வேண்டியிருந்தது. அதை வழியிலேயே கற்று முடித்தோம். பணியாளர் குழுவின் பின்னாலேயே சென்று ஒரு காட்டை வெட்டினார். நகரத்தின் சொந்த உழைப்பு ஐந்து சுற்றில் 20, காடு தந்தது 20. ஈட்டிப் படையின் விலை 35. அது 41ஆம் சுற்றில் மதிலேறி நின்றது.

உடன்படிக்கை

எல்லை பற்றிப் பேசலாம் என்று 30ஆம் சுற்றிலேயே குவாஹாத்திக்கு எழுதியிருந்தோம். ஆண்டிறுதிக் கணக்கு வேலை என்று விடை வந்தது. 36இல் மீண்டும் எழுதினோம். உடல்நலம் சரியில்லை என்றார். ஈட்டிப் படை நின்ற மறுநாள் காலையே நீண்ட மடல் வந்தது. நண்பர் பல்லாண்டு கடன் ஆவணப் பிரிவில் பணியாற்றியவர். ஏழு பிரிவுகள், இரண்டு உட்பிரிவுகள். ஆற்றுக்கு மேற்கே குதிரைப் படை வாராது; செம்மறிப் பள்ளத்தாக்கு அவருக்கு; செம்புக் குன்று நமக்கு; இரு நகரங்களுக்கும் இடையே மூன்று கட்டம் காலியாக விடப்படும்; உடன்படிக்கை 80ஆம் சுற்று முடியும் வரை செல்லும். செம்மறியை இழப்பது வலித்தது. அந்நகரம் பலகாலம் சிறிதாகவே இருக்கும். ஆயினும் 43இல் ஒப்புக்கொண்டோம்.

இத்தகைய உடன்பாடுகளைக் கணினி அறியாது. போர் முடிந்து செய்யும் சமாதானம் மட்டும் பத்துச் சுற்றுகளுக்கு மீற முடியாதபடி பூட்டப்படும். மற்றவை யாவும் ஆடுபவரின் சொல்லை நம்பியவை. கணினியோடு தனியே ஆடுவதற்கும் மனிதரோடு ஆடுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். ஆகவே ஆராய்ச்சியும் உடன்படிக்கையோடு முடிவதில்லை. நம் பழைய போர்வீரர் இன்றும் அதே குன்றின் மேல் நிற்கிறார். ஒருமுறை கண்ட நிலத்தின் படம் நம்மிடம் தங்கும்; ஆனால் அங்கே இப்போது நடப்பதைக் காண அங்கே ஆள் இருந்தாக வேண்டும். அவரைச் சுற்றியுள்ள நிலத்தில் நாடோடிக் கொள்ளைப் படைகள் முளைக்காது என்பது கூடுதல் ஆதாயம்.

மற்றொரு கண்ணும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் விளையாட்டு ஒரு புள்ளிவிவரப் பக்கத்தைக் காட்டும். உணவு, உற்பத்தி, படை, நிலப்பரப்பு ஆகியவற்றில் நம் அளவு, நம் இடம், மற்றவருள் மிக உயர்ந்தது, மிகத் தாழ்ந்தது, சராசரி. எவருடையது என்று பெயர் இராது. ஆனால் இரவுதோறும் அந்த எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், படை எண்ணிக்கை எந்நாளில் ஏறியது, நிலப்பரப்பு எந்நாளில் ஒன்பது கட்டம் கூடியது என்பது தெரியும். ஒன்பது கூடினால் யாரோ ஒரு நகரம் நிறுவியுள்ளார். பெயரில்லாத இருப்புநிலைக் குறிப்புகளைப் படித்து நிறுவனத்தை அடையாளம் காண்பது போன்ற இன்பம் அது. எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டோம்.

புணேயும் லக்னோவும்

புணே நண்பர் 60ஆம் சுற்றுக்குள் ஐந்து நகரங்கள் நிறுவினார். நகரம் ஒவ்வொன்றுக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. தலைநகரிலிருந்து தொலைவு கூடக் கூடவும், நகரங்களின் எண்ணிக்கை கூடக் கூடவும் அது ஏறும். 58இல் ‘கருவூலம் காலி’ என்று எங்கள் குழுவில் அவரே அறிவித்தார். பணம் தீர்ந்தால் படைகள் ஊதியமின்றிக் கலையத் தொடங்கும். அவர் ஆராய்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிட்டு நாட்களைக் கடத்தினார்.

லக்னோ நண்பர் நேரெதிர். இரண்டே நகரங்கள், ஆற்றங்கரை முழுவதும் குடிசைகள். குடிசை என்பது தொடக்கத்தில் 1 வணிக அலகு மட்டும் தரும் சிறு முயற்சி. மக்கள் அதில் தொடர்ந்து 10 சுற்றுகள் உழைத்தால் சிற்றூராகி 2 தரும். மேலும் 20 சுற்றில் கிராமமாகி 3. மேலும் 40 சுற்றில் நகரியமாகி 4. உழைக்காமல் விட்ட சுற்றுகள் கணக்கில் சேரா. தொடர் வைப்புக் கணக்கை இதைவிட நன்றாக விளக்கும் பாடப்புத்தகத்தை நாம் பார்த்ததில்லை.

வங்கி அலுவலர் என்ற முறையில் நாம் லக்னோவையே மெச்ச வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆனால் மனிதரோடு ஆடும் ஆட்டத்தில் நம் சாய்வு புணேயின் பக்கம். குடிசையை 50ஆம் சுற்றிலும் போடலாம். விட்ட பலன் ஓரளவே. காலியாக விட்ட நிலத்தில் 50ஆம் சுற்றில் வேறொருவர் கொடி பறக்கும்; அதை மீட்கப் போர் ஒன்றே வழி. புணேயின் கடன்சுமை கடுமையானதுதான். என்றாலும் ஐந்து நகரங்களிலும் வயலும் குடிசையும் பெருகப் பெருக அது தீரும். இப்போதே தீரத் தொடங்கிவிட்டது என்று புள்ளிவிவரப் பக்கம் சொல்கிறது. அவர் செய்யத் தவறியது ஒன்றே: நான்காம் நகரத்துக்குமுன் மட்பாண்டக் கலையைக் கற்றுக் குடிசைகளைத் தொடங்கியிருக்கலாம். கொச்சி நண்பரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர் ஒரு தீவில் இருக்கிறார் போலும். எவரும் அவரைக் கண்டதில்லை.

நாம் கோதுமை நகரத்தை 48இல் நிறுவினோம்; திட்டமிட்டதைவிடப் பன்னிரண்டு சுற்று தாமதம். இன்று 71ஆம் சுற்று. தென்மேற்குக் குடிசைகளுள் இரண்டு சிற்றூராகிவிட்டன. செம்பு நகரம் இன்னும் இரண்டு மக்கள்தொகையில் நிற்கிறது. ஆனால் அங்கிருந்து தலைநகருக்குச் சாலை முடிந்துவிட்டது. மதிலில் நிற்கும் ஈட்டிப் படைகள் இப்போது மூன்று. நான்காவது நாளை முடியும்.

இவ்விதழ் அச்சாகி நண்பர்கள் கைக்குச் சேரும்போது 80ஆம் சுற்று கடந்திருக்கும். ஆகவே இதனால் இரகசியம் எதுவும் வெளிப்பட்டுவிடாது. குவாஹாத்தி நண்பருடன் உடன்படிக்கையை நீட்டிக்கும் வரைவு ஒன்றைத் தயாரித்து வைத்துள்ளோம். இம்முறை ஐந்து பிரிவுகள் மட்டுமே.